தானுந்துக் குளிரூட்டியில் எண்ணெய்: ஒரு வரலாறு

தானுந்துக் குளிரூட்டி எண்ணெய் என்பது காரின் ஏ.சி. அமைப்பினுள் குளிர்பதன வளிமத்தோடு சேர்ந்து சுற்றிவந்து, கம்ப்ரசர் எனப்படும் அமுக்கியின் பாகங்கள் தேயாமல் காக்கும் மசகெண்ணெய் ஆகும். இதன் அளவு மிகச் சிறியது. இன்றைய சிறிய கார்களில் அமைப்பு முழுவதற்கும் 80 முதல் 150 மில்லிலிட்டர் வரை, அதாவது ஒரு தேநீர்க் குவளை அளவு போதும். எஞ்சினுக்கு மூன்று, நான்கு லிட்டர் ஊற்றிப் பழகியவருக்கு இது ஒரு பொருட்டாகவே தோன்றாது. ஆனால் எஞ்சின் எண்ணெய் தன் தொட்டியில் தங்கியிருப்பது. கோலை உருவிப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். குளிரூட்டி எண்ணெய் ஓரிடத்தில் நிற்பதில்லை. அமுக்கியில் கொஞ்சம், முன்புறமுள்ள கண்டென்சரில் கொஞ்சம், பட்டறைகளில் கூலிங் காயில் என்று சொல்லப்படும் ஆவியாக்கியில் கொஞ்சம், உலர்த்தியிலும் குழாய்களிலும் மீதி என்று அது பிரிந்து கிடக்கும். ஒரு பாகத்தைக் கழற்றி மாற்றும்போது அதனோடு எவ்வளவு எண்ணெய் வெளியே போயிற்று, உள்ளே எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதைக் கணக்கிட்டுத்தான் அறிய வேண்டும். இந்தக் கணக்கு எப்படித் தோன்றியது, ஏன் மாறிக்கொண்டே வந்தது என்பதே இங்குக் கூறப்படுகிறது.

பட்டையைக் கழற்றி நிறுத்திய காலம்

தொழிற்சாலையிலேயே குளிரூட்டி பொருத்தப்பட்ட முதல் காரை அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம் 1939 நவம்பரில் சிகாகோ வாகனக் கண்காட்சியில் காட்சிக்கு வைத்தது. குளிரூட்டிக்கு மட்டும் 274 டாலர் கூடுதல் விலை. எளிய கார் ஒன்றை எழுநூறு டாலர் அளவில் வாங்க முடிந்த காலம் அது. குளிர்விக்கும் பகுதி பின்புறப் பெட்டி அறையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. அமுக்கியை எஞ்சினிலிருந்து பிரிக்கக் கிளட்ச் கிடையாது. குளிர்காலத்தில் ஏ.சி. வேண்டாம் என்றால் எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, பட்டையைக் கையால் கழற்ற வேண்டும்! 1941ஆம் ஆண்டு மாதிரிகளோடு பாக்கார்டு இதைக் கைவிட்டது. பிறகு போர் வந்து கார் உற்பத்தியே நின்றது.

பாக்கார்டின் முயற்சி தோற்றாலும், அதற்கு அடிப்படையாக இருந்த வளிமம் நிலைத்தது. 1928இல் தாமஸ் மிட்ஜ்லி என்னும் வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ஆர்-12 அது. அதற்கு முன் குளிர்பதனப் பெட்டிகளில் இருந்த அம்மோனியா, கந்தக டைஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகிய மூன்றும் நச்சுத்தன்மை உடையவை. ஆர்-12 நஞ்சற்றது, தீப்பற்றாதது. அதிகம் பேசப்படாத இன்னொரு நற்குணமும் அதற்கு இருந்தது. கனிம எண்ணெயோடு அது பாலும் நீரும்போல ஒன்றாகக் கலந்தது. கலந்ததால் எண்ணெய் வழியில் தேங்காமல் சுற்று முழுவதையும் கடந்து அமுக்கிக்குத் திரும்பி வந்தது. அதன் மூலக்கூறில் இருந்த குளோரின் உராயும் உலோகப் பரப்புகளில் ஒரு மெல்லிய காப்புப் படலத்தையும் உண்டாக்கியது. எண்ணெய் சற்றுக் குறைந்தாலும் அந்தக்கால அமுக்கிகள் தாக்குப்பிடித்ததற்கு இது ஒரு காரணம்.

தொட்டி இருந்ததும் போனதும்

1953, 1954ஆம் ஆண்டுகளில் கிரைஸ்லர், ஜெனரல் மோட்டார்ஸ், நாஷ் ஆகிய நிறுவனங்கள் குளிரூட்டியை மீண்டும் கொண்டுவந்தன. நாஷ் தன் கருவிகள் அனைத்தையும் காரின் முன்பகுதியிலேயே அடக்கிக் காட்டியது. பின்னர் எல்லோரும் அவ்வழியே சென்றனர். அக்கால அமுக்கிகளின் அடிப்பகுதியில் எண்ணெய்த் தொட்டி இருந்தது. யார்க் நிறுவனத்தின் இரட்டை உருளை அமுக்கியில் திருகாணியைக் கழற்றி ஒரு கம்பியை உள்ளே விட்டே எண்ணெய் மட்டத்தை அளந்துவிடலாம். 1962இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிரிஜிடேர் பிரிவு கொண்டுவந்த ஏ-6 என்னும் ஆறு உருளை அமுக்கியிலும் தொட்டியும் எண்ணெய் பம்பும் உண்டு. அந்த அமைப்பு சுமார் 10 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் எண்ணெய் கொண்டது.

1970களில் எரிபொருள் நெருக்கடி வந்தது. வண்டியின் எடையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. ஏ-6 நல்ல அமுக்கி, ஆனால் இரும்புக் குண்டு. அதன் இடத்தைப் பிடித்த ஆர்-4 என்னும் சிறிய அமுக்கியில் தொட்டியும் இல்லை, பம்பும் இல்லை. வளிமத்தோடு மிதந்து வரும் எண்ணெயே அதற்கு உயிர். அமைப்பு முழுவதற்கும் 6 அவுன்ஸ், அதாவது சுமார் 180 மில்லிலிட்டர்தான். கம்பி விட்டுப் பார்க்க இனி இடமில்லை.

அதனால் பணிமனைக் கையேடுகளில் பாகவாரியான அளவுகள் முக்கியமாயின. ஆவியாக்கியை மாற்றினால் 3 அவுன்ஸ், கண்டென்சரை மாற்றினால் 1 அவுன்ஸ் என்பதுபோல் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பங்கு குறிக்கப்பட்டது. வளிமம் மெல்லக் கசிந்து தீர்ந்திருந்தால் எண்ணெய் இழப்பு மிகக் குறைவு. குழாய் வெடித்து ஒரேயடியாக வெளியேறியிருந்தால் எண்ணெயும் அதனோடு பீறிட்டுப் போயிருக்கும் என்ற வேறுபாடும் கையேடுகளில் இடம்பெற்றது. எல்லாப் பழுதுக்கும் ஒரே அளவு ஊற்றும் வழக்கத்தைவிட இது எவ்வளவோ மேலானது. ஆயினும் கையேட்டைப் படிக்கிறவர்களுக்குத்தானே அது பயன்படும்!

வளிமம் மாறியபோது

குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று ரோலண்டும் மொலினாவும் 1974இல் எச்சரித்தனர். 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1990களின் முதற்பாதியில் அமெரிக்க, ஐரோப்பிய, சப்பானியப் புதுக் கார்கள் ஆர்-134ஏ என்னும் வளிமத்துக்கு மாறின. இந்தியா 1992இல் உடன்படிக்கையில் சேர்ந்தது. இங்கு ஆர்-12 மறைய மேலும் பல ஆண்டுகள் ஆயின.

ஆர்-134ஏ கனிம எண்ணெயோடு கலக்காது. பழைய எண்ணெய் இருக்க, வளிமத்தை மட்டும் மாற்றி நிரப்பினால் முதலில் குளிர் நன்றாகவே வரும். ஆனால் எண்ணெய் குளிர்ந்த ஆவியாக்கியில் தேங்கிவிடும், அமுக்கிக்குத் திரும்பாது. குளோரின் இல்லாததால் முன்பிருந்த காப்புப் படலமும் இல்லை. வெளியில் ஒரு குறையும் தெரியாமல் அமுக்கி உள்ளுக்குள் உலர்ந்து, பிறகு ஒருநாள் இறுகிப்போகும். வண்டிக்காரர் புது வளிமத்தின்மேல் பழிபோடுவார். குற்றம் எண்ணெயில் இருக்கும்.

புது வளிமத்துக்கு ஏற்றதாக வந்தது பி.ஏ.ஜி. எனப்படும் பாலிஆல்கைலீன் கிளைக்கால் எண்ணெய். இதில் 46, 100, 150 எனப் பாகுத்தன்மை எண்கள் உண்டு. எந்த அமுக்கிக்கு எது என்பதைத் தயாரிப்பாளர் குறிப்பிடுவார். இது காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும். திறந்து வைத்த குப்பியில் மீந்ததை அடுத்த மாதம் ஊற்றினால் எண்ணெயோடு நீரையும் ஊற்றியதாகும். பழைய ஆர்-12 வண்டிகளை மாற்றியமைக்கப் பெரும்பாலும் எஸ்டர் எண்ணெய் பயன்பட்டது. ஏனெனில் அது மீந்திருக்கும் கனிம எண்ணெயையும் குளோரினையும் ஓரளவு பொறுத்துக்கொண்டது.

ஒரு கழித்தல் கணக்கு

இக்காலப் புதிய அமுக்கிகள் பெரும்பாலும் எண்ணெய் நிரப்பியே விற்கப்படுகின்றன. அந்த எண்ணெய் அமுக்கிக்கு மட்டும் உரியதன்று, அமைப்பு முழுவதற்கும் உரிய அளவு. இதை அறியாமல் அப்படியே பொருத்துவதே மிகப் பரவலான பிழை.

புதிய அமுக்கியில் 120 மில்லிலிட்டர் இருப்பதாகக் கொள்வோம். கழற்றிய பழைய அமுக்கியைக் கவிழ்த்து, கையால் சுழற்றி வடித்ததில் 45 மில்லிலிட்டர் வந்தது. அப்படியானால் மீதி 75 மில்லிலிட்டர் கண்டென்சரிலும் ஆவியாக்கியிலும் குழாய்களிலும் இன்னும் இருக்கிறது. ஆகவே புதிய அமுக்கியிலிருந்து 75 மில்லிலிட்டரை வடித்துவிட வேண்டும்; உள்ளே 45 மட்டுமே இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக் கழித்தல்தான். வடிக்காமல் பொருத்தினால் அமைப்பில் 195 மில்லிலிட்டர் சேர்ந்துவிடும். கண்டென்சரையும் உலர்த்தியையும் சேர்த்து மாற்றினால், அவற்றோடு வெளியேறிய பங்கைக் கையேட்டில் பார்த்து அந்த அளவுக்குக் குறைவாக வடிக்க வேண்டும்.

எண்ணெய் மிகுந்தால் நல்லதுதானே என்ற எண்ணம் பலரிடம் உண்டு. மிகுந்த எண்ணெய் ஆவியாக்கிக் குழாயின் உட்சுவரில் படிந்து வெப்பம் கடப்பதைத் தடுக்கும். வளிமத்துக்குரிய இடத்தையும் அடைத்துக்கொள்ளும். காற்று குளிராது. அதைப் பார்த்து வளிமம் போதவில்லை என்று மேலும் நிரப்புவார்கள், அழுத்தம் ஏறும். திரவமாக ஒரு திரள் அமுக்கிக்குள் புகுந்தால் அதன் வால்வுகளே முறியக்கூடும். அமுக்கியால் வளிமத்தை அழுத்த முடியும், திரவத்தை அழுத்த முடியாது.

குறைந்தால் வரும் கேடு வேறு. தேய்ந்த உலோகத் துகளும் கருகிய எண்ணெயும் கலந்து கருஞ்சேறாகிக் கண்டென்சருக்குள் போய் அடையும். பழைய அகன்ற குழாய்க் கண்டென்சர்களைக் கழுவிப் பயன்படுத்த முடிந்தது. இக்காலக் கண்டென்சரின் நுண்ணிய இணை வழிகளில் புகுந்த துகளை முழுமையாக வெளியேற்ற இயலாது. அதை மாற்றாமல் புது அமுக்கியை மட்டும் பொருத்தினால், பழைய துகள் புதியதையும் தின்றுவிடும். வாடிக்கையாளர் செலவைக் குறைக்கச் சொல்லி வற்புறுத்துவதால் பட்டறைக்காரர் இணங்கிவிடுவதும், சில மாதங்களில் இருவருக்கும் மனத்தாங்கல் வருவதும் இப்படித்தான்.

மின்னமுக்கிகளின் வருகை

2003இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் காரில் அமுக்கியை எஞ்சின் பட்டைக்குப் பதிலாக உயர் மின்னழுத்த மோட்டார் சுழற்றியது. அந்த மோட்டாரின் சுருள்கள் அமுக்கிக்குள்ளேயே, வளிமத்திலும் எண்ணெயிலும் நனைந்தபடி இருக்கின்றன. எனவே அங்கு எண்ணெய் மின்காப்பாகவும் இருந்தாக வேண்டும். வழக்கமான பி.ஏ.ஜி. எண்ணெய்க்கு அந்தக் குணம் போதாது; ஆகவே பாலியால் எஸ்டர் வகை எண்ணெய் தெரிவு செய்யப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 2017 முதல் அங்கு விற்கப்படும் புதிய கார்களில் ஆர்-134ஏ இடம்பெறுவதில்லை. புவி வெப்பமாதலில் அதன் பங்கு கார்பன் டைஆக்சைடைப்போல் 1,400 மடங்குக்கும் மேல் என்பதே காரணம். அதற்கு மாற்றாக வந்த ஆர்-1234ஒய்எஃப் வளிமத்துக்கும் தனி எண்ணெய் வகைகள் வந்துள்ளன.

மின்னமுக்கி உள்ள வண்டியில் சாதாரணக் கார்களுக்குப் பயன்படுத்திய அதே நிரப்புக் குழாயைச் சுத்தம் செய்யாமல் இணைத்தால், அதில் ஒட்டியிருக்கும் பி.ஏ.ஜி. எண்ணெய் உள்ளே போய்விடும். சிறிதளவு கலந்தாலும் மின்காப்பு குறையும். வண்டியின் கணினி மின்கசிவு என்று எச்சரித்து வண்டியை இயங்கவிடாமலும் செய்யலாம். அவ்வாறு நேர்ந்தால் அமுக்கி, கண்டென்சர், ஆவியாக்கி, குழாய்கள் என எண்ணெய் தொட்ட பாகங்கள் அனைத்தையும் மாற்ற நேரிடுகிறது.