நற்பண்பு என்ற அளவுகோல்

1922-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர விரும்பிய மாணவர்களுக்குப் புதிய விண்ணப்பப் படிவம் ஒன்று வழங்கப்பட்டது. மாணவனின் இனம், நிறம், சமயம், தாயின் பிறந்தகத்துக் குடும்பப் பெயர், தந்தை பிறந்த ஊர் ஆகியவற்றை அது கேட்டது. அவற்றோடு மற்றொரு வினாவும் இருந்தது. மாணவனின் பெயரிலோ அவன் தந்தையின் பெயரிலோ பிறப்புக்குப் பின் ஏதேனும் மாற்றம் செய்யப்பட்டிருப்பின் அதனை முழுமையாக விளக்க வேண்டும்.

கல்வி பயில வரும் பதினேழு வயது இளைஞனிடம் அவன் தந்தையின் பெயர் மாறிய கதையை ஏன் கேட்க வேண்டும்? ரஷியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்து குடியேறிய யூதர் பலர் தம் பெயர்களை ஆங்கில ஒலிக்கேற்ப மாற்றிக்கொண்டிருந்தனர். அவர்களுடைய மக்களை இனங்கண்டு கொள்வதே அவ்வினாவின் நோக்கம்.

இன்று அந்நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் இறுதியாண்டு பயிலும் மாணவர்களை வாட்டும் கேள்வி ஒன்றுண்டு: பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைக்குமா? 2019-இல் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தோர் 43,000-க்கும் மேற்பட்டோர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களோ 2,000-க்கும் குறைவு. மதிப்பெண் மட்டும் போதாது. பரிந்துரைக் கடிதம், தன்னைப் பற்றிய கட்டுரை, நேர்முகம், விளையாட்டு, சமூகத் தொண்டு என அனைத்தும் எடைபோடப்படுகின்றன. மனிதனை முழுமையாகப் பார்க்கும் உயர்ந்த முறை இது என்று தோன்றும். அம்முறை எந்தச் சூழலில் வேரூன்றியது என்பதை அறிந்தோர் சிலரே.

1920-க்கு முன் ஹார்வர்டின் கதவைத் திறக்கும் சாவி தேர்வுதான். நிர்ணயிக்கப்பட்ட பாடங்களில் தேறியவன் உள்ளே சென்றான். இதனைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். இலத்தீனமும் கிரேக்கமும் கற்பிக்கும் பள்ளிக்குச் செல்ல வசதி பெற்றவர் எத்தனை பேர்? ஆயினும் விதி வெளிப்படையாக இருந்தது. பாஸ்டன் நகரத்து ஏழைத் தையற்காரரின் மகன் விளக்கொளியில் படித்துத் தேறினால், அவனைத் தடுக்க ஒருவருக்கும் வழியில்லை. அப்படியே பலர் தேறினர். 1900-இல் மாணவரிடையே ஏறத்தாழ 7 விழுக்காடாக இருந்த யூதர், 1922-இல் 21 விழுக்காட்டைத் தாண்டினர்.

அன்றைய தலைவர் லாரன்ஸ் லோவெல் இதனைப் பெரும் இடராகக் கருதினார். குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தக் கோரிய சங்கத்தின் துணைத் தலைவராகவும் இருந்தவர் அவர். யூதருக்கு 15 விழுக்காடு என வரம்பிட வேண்டும் என்று அவர் முன்மொழிந்தபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பேராசிரியர் குழுவொன்று ஆராய்ந்து, 1923-இல் அத்தகைய வரம்பு கூடாது என அறிக்கை தந்தது. லோவெலுக்கு முன் நாற்பது ஆண்டுகள் தலைவராயிருந்த சார்லஸ் எலியட், முதிர்ந்த வயதிலும் அத்திட்டத்தை எதிர்த்தார். இதே எலியட் நம் இயேசு சபைக் கல்லூரிகளைச் சிறிதும் மதிக்காதவர். 1893-இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரி, எந்தெந்தக் கல்லூரிகளின் பட்டதாரிகளைத் தேர்வின்றிச் சேர்க்கலாம் என்று பட்டியலிட்டபோது, முதலில் அதில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியும் இல்லை. முறையிட்ட பின் சில சேர்க்கப்பட்டன. பின்னர் பாஸ்டன் கல்லூரியும் திருச்சிலுவைக் கல்லூரியும் மீண்டும் நீக்கப்பட்டன. எலியட்டுக்கு மறுப்பாக அருள்தந்தை திமொத்தி பிராஸ்நகன் 1900-இல் எழுதிய கட்டுரை அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. ஒருவரிடத்தில் நடுநிலை தவறியவர் மற்றொருவரிடத்தில் நடுநிலையோடு நிற்பதை வரலாறு அடிக்கடி காட்டுகிறது.

வெளிப்படையான வரம்பு தோற்றது. லோவெல் சோர்ந்துவிடவில்லை. 1926-இல் முதலாண்டு மாணவர் தொகை 1,000 என வரையறுக்கப்பட்டது. அறிவோடு நற்பண்பும் ஆளுமையும் கருதப்படும் என விதி மாறியது. விண்ணப்பத்துடன் நிழற்படமும் கோரப்பட்டது. யூதர் என்ற சொல் எவ்விதியிலும் இல்லை. 1925-இல் 27 விழுக்காட்டைத் தொட்டிருந்த யூத மாணவர் தொகை, லோவெல் பதவி விலகிய 1933-ஆம் ஆண்டளவில் 15 விழுக்காட்டை ஒட்டி இறங்கியிருந்தது. முதலில் அவர் கேட்ட எண்ணும் அதுவே அன்றோ!

நற்பண்பு என்னும் சொல் நமக்கு அந்நியமானதன்று. புனித தோமா அக்வினாஸ் அதனை, மீண்டும் மீண்டும் செய்யும் நற்செயல்களால் உள்ளத்தில் ஊன்றிய நிலை என்று விளக்கினார். ஊன்றுவதற்குக் காலம் வேண்டும். அறிவதற்கு நெடிய பழக்கம் வேண்டும். நம் பங்குகளிலும் சேர்க்கைக் காலத்தில் நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டி வருவோர் உண்டு. ஞாயிறு திருப்பலியில் முகம் பார்த்த பழக்கத்தைக் கொண்டு ஓர் இளைஞனின் ஆன்மாவுக்குச் சான்று சொல்வது எத்தனை கடினம் என்பதைப் பங்குத்தந்தையர் அனைவரும் அறிவர். முன்பின் அறியாத அலுவலர் நிழற்படத்தையும் குடும்பப் பெயரையும் பார்த்து நற்பண்பை அளந்தார் என்றால், அளக்கப்பட்டது வேறொன்று.

அப்படியாயின் தேர்வுக்கே திரும்பலாம் என்பீர்கள். அந்தக் கதையும் நேராகச் செல்லவில்லை. எஸ்.ஏ.டி. எனப்படும் நுண்ணறிவுத் தேர்வு 1926 ஜூன் மாதம் முதன்முறையாக நடத்தப்பட்டது. ஏறத்தாழ 8,000 பேர் எழுதினர். அதனை வகுத்த கார்ல் பிரிகம், நோர்டிக் இனத்தாரே அறிவில் உயர்ந்தோர் என்று 1923-இல் நூல் எழுதியவர். 1930-இல் அவரே அம்முடிவுக்கு ஆதாரம் இல்லை எனக் கைவிட்டார். லோவெலுக்குப் பின் வந்த ஜேம்ஸ் கோனன்ட், அதே தேர்வைக் கொண்டு நடுமேற்கு மாநிலங்களின் எளிய குடும்பத்துச் சிறுவர்க்கு உதவித்தொகை அளித்து அழைத்து வந்தார். கொரோனா காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் இத்தேர்வைத் தள்ளிவைத்தன, எம்.ஐ.டி. 2022-இலும், ஹார்வர்டு 2024-இலும் மீண்டும் அதனைக் கட்டாயமாக்கின.

லோவெலின் அளவுகோல் மறையவில்லை. ஆசிய வம்சாவளி மாணவர் சார்பில் ஹார்வர்டுமீது தொடுக்கப்பட்ட வழக்கின் விசாரணை 2018-இல் நடந்தபோது, ஆளுமைக்கெனத் தனி மதிப்பீடு உண்டு என்பதும், அதில் அம்மாணவர் மற்றவரைவிடக் குறைவான மதிப்பீடே பெற்றனர் என்பதும் மன்றத்தில் பேசப்பட்டன. வேண்டுமென்றே பாகுபாடு காட்டப்படவில்லை என 2019-இல் கீழ்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, இனத்தைக் கருதிச் சேர்ப்பது செல்லாது என்றது. கறுப்பின மாணவருக்குத் திறந்திருந்த சிறு வாயிலும் அதனால் குறுகியது. முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்கும் கொடையாளரின் உறவினருக்கும் தரப்படும் முன்னுரிமையை அத்தீர்ப்பு தொடவில்லை. ஹார்வர்டில் முன்னாள் மாணவரின் பிள்ளைகளாக விண்ணப்பித்தோரில் மூவரில் ஒருவருக்கு இடம் கிடைத்தது என அவ்வழக்கின் ஆவணங்கள் காட்டின. பொன்மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்ல இருக்கையும் கந்தையுடுத்தியவனுக்குக் காலடியும் தருவதைப் பற்றி யாக்கோபு தம் திருமுகத்தில் கடிந்துரைத்ததை இங்கு நினையாதிருக்க முடியவில்லை.

பிறரைச் சுட்டுவதோடு நின்றுவிட்டால் நேர்மையாகாது. நம் வீட்டிலும் கணக்கு உண்டு. ஆயர் ஜான் கரோல் 1789-இல் தொடங்கிய ஜார்ஜ்டவுன் கல்லூரி, பிற சபையாரின் மக்களுக்கும் கதவைத் திறந்து வைத்தது. ஆனால் கறுப்பின மக்கள் அங்கே உழைக்க வந்தனர், பயில வரவில்லை. 1838-இல் மேரிலாந்து இயேசு சபையார் தம் தோட்டங்களில் அடிமைகளாய் இருந்த 272 பேரை 1,15,000 டாலருக்கு லூயிசியானாவில் விற்றனர். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, அவர்களின் விசுவாச வாழ்வு காக்கப்பட வேண்டும், வரும் பணத்தைக் கடன் அடைக்கப் பயன்படுத்தக் கூடாது என்று உரோமையிலிருந்து சபைத் தலைவர் விதித்த நிபந்தனைகள் மீறப்பட்டன. அப்பணத்தின் ஒரு பகுதி கல்லூரியின் கடனை அடைத்தது. விற்கப்பட்டவர்களும் நம்மைப் போல் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கரே.

2016 செப்டம்பரில் பல்கலைக்கழகத் தலைவர் ஜான் டிஜோயா, அவர்களின் வழித்தோன்றல்களுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை உண்டு என அறிவித்தார். எத்தகைய முன்னுரிமை? முன்னாள் மாணவரின் மக்களுக்கு உள்ள அதே முன்னுரிமை. பரிகாரத்தைக்கூடச் சலுகையின் மொழியிலேயே சொல்ல வேண்டியிருந்தது. ஆயினும் அந்த மொழியில் ஓர் உண்மை தன்னையறியாமல் வெளிப்பட்டது: கல்லூரியைக் கட்டியவர்களின் மக்கள் என்று உரிமை கோர இவர்களைவிடத் தகுதியுடையோர் யார்? 2017 ஏப்ரலில் இயேசு சபையார் அவ்வழித்தோன்றல்கள் முன் மன்னிப்பு வேண்டினர். அவ்வாண்டே அவர்களுள் சிலர் மாணவராகச் சேர்ந்தனர். அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணியும் பதினெட்டு வயதினரோடு முதலாண்டு வகுப்பில் அமர்ந்தார்.