கப்பல் விருந்தும் மேலமாசி வீதி ஆடையும்

மேலூருக்கு அணித்தாக உள்ள திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். பாண்டியனின் அமைச்சராயிருந்த அவருக்காக இறைவர் குதிரை வாணிகராக மதுரைக்கு வந்தார் என்று புராணம் கூறும். அரசன் மகிழ்ந்து அளித்த துகிலை அவ்வாணிகர் கையேந்தி வாங்கவில்லை. கையிலிருந்த செண்டின் நுனியால் வாங்கினாராம். அரசவையில் ஆடையைக் கொடுப்பதும், வாங்குவதும், உடுப்பதும் பெரிய விஷயங்கள் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். இதே விஷயம் கடலின் நடுவே கப்பலில் எழுந்த வரலாற்றையும், அதற்கு மதுரை மாநகரம் அளித்த விடையையும் மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடிய காலத்தில், அவற்றின் உணவுக்கூடம் ஒரு சிறு அரசவையாகவே இருந்தது. முதல் வகுப்பில் செல்லும் ஆடவர் இரவு விருந்துக்குக் கறுப்பு உடுப்பும் கஞ்சியிட்ட சட்டையும் அணிந்து வருதல் மரபு. பெட்டிகள் கட்டப்பட்டிருக்கும் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. செங்கடலின் வெப்பத்தில் இந்த மரபே சற்று இளகிற்று. மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் ஒரு பட்டைத் துணியைச் சுற்றிக்கொண்டு உண்ணலாம் என்றாயிற்று. அப்பட்டைக்குக் கமர்பந்து என்று பெயர். அது இந்தியாவிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட பொருள்! வெயில் கேட்டுக்கொண்டால் விதிகள் வளையும் போலும். மனிதர் கேட்டுக்கொண்டால் வளைவது அரிது.

1888 செப்டம்பர் 4-ஆம் நாள் பம்பாயிலிருந்து ‘கிளைடு’ என்னும் கப்பலில் ஓர் இளைஞர் புறப்பட்டார். வயது 19 நிரம்பவில்லை. கப்பலில் அணியக் கறுப்பு உடை; கரையிறங்கும்போது அணியவென்று நண்பர்கள் வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கம்பளி உடை. குட்டைச் சட்டை நாணமற்ற உடையாக அவருக்குத் தோன்றிற்று. கழுத்துப்பட்டியோ அறவே பிடிக்கவில்லை. கத்தியும் முள்ளும் கையாளத் தெரியாது. எந்தப் பண்டத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கவும் கூச்சம். ஆகவே அவர் உணவு மேசைக்கே போகவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழங்களையும் தம் அறையிலேயே உண்டு பயணத்தைக் கழித்தார். கரையிறங்கியபோது செப்டம்பர் மாதக் கடைசி. துறையில் வெள்ளை உடையில் நின்றவர் அவர் ஒருவரே. மறுநாள் ஞாயிறு; பெட்டிகளும் சாவிகளும் முகவரிடம் இருந்தன. வெட்கத்தோடு அதே உடையில் இருக்க நேர்ந்தது.

இளைஞர் மோகன்தாஸ் காந்தி இந்த வெட்கத்தை லண்டனில் பணத்தால் துடைக்க முயன்றார். 19 ஷில்லிங்கில் உயரத் தொப்பி. நாகரிகத்தின் நடுமையமான பாண்டு வீதியில் 10 பவுன் கொடுத்துத் தைத்த மாலை உடுப்பு. ஊரிலிருந்து தமையனார் அனுப்பிய இரட்டைத் தங்கச் சங்கிலி. நாள்தோறும் கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டியைச் சரிசெய்யப் பத்து நிமிடம். இவையனைத்தையும் அவரே பிற்காலத்தில் ஒளிவின்றி எழுதிவைத்தார். இதைப் படித்து நகைப்பது எளிது. ஆனால் ஒரு கூடத்துள் நுழைய உடையே நுழைவுச்சீட்டாக இருக்கும்போது, பிற நாட்டு இளைஞன் வேறென்ன செய்வான்?

இனி மதுரைக்கு வருவோம். 1921-ஆம் ஆண்டு அந்நியத் துணி விலக்கு இயக்கம் நாடெங்கும் பரவிற்று. சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த இரயிலில் காந்தியடிகள் சக பயணிகளிடம் கதர் பற்றிப் பேசினார். கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்று சிலர் கூறினர். அப்போது அவர் உடலில் தொப்பியும் சட்டையும் முழு வேட்டியும் இருந்தன. வசதியில்லாதவன் அந்நியத் துணியை எரித்துவிட்டு எதை உடுப்பது? இந்தக் கேள்விக்குச் சொல்லால் விடை கூற முடியாது என்று அவர் கண்டார். மேலமாசி வீதியில் ஒரு குஜராத்தி வணிகரின் இல்லத்து மாடியில் தங்கியிருந்த அவர், செப்டம்பர் 22-ஆம் நாள் காலை இடுப்பில் முழத்துண்டுடன் வெளிவந்தார். குறைந்தது அக்டோபர் 31 வரை இவ்வாடை என்பதே அன்று அவர் வைத்த தவணை. தவணை முடிந்தும் ஆடை மாறவில்லை.

ஆண்டுகள் பத்துச் சென்றன. 1931 ஆகஸ்டு 29-ஆம் நாள், வட்டமேசை மாநாட்டுக்காக ‘ராஜபுதானா’ என்னும் கப்பலில் அவர் பம்பாயை விட்டுப் புறப்பட்டார். இம்முறை பெட்டி நிறைய உடை இல்லை. உடன் வந்தோர் மிகுதியான மூட்டைகளைக் கொண்டுவந்ததைக் கண்டு கடிந்துகொண்டார். வேண்டாதவை ஏடனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டன. மேல்தளத்திலேயே அவருடைய நூற்பு, வழிபாடு, உறக்கம் எல்லாம் நடந்தன. 1888-இல் அறைக்குள் ஒளிந்து உண்டவர், 43 ஆண்டுகளுக்குப் பின் அதே கடலில் எல்லோரும் காண வெற்றுடம்போடு அமர்ந்திருந்தார். நான் வேறெதையும்விட இவ்விரு பயணங்களுக்கும் இடையே உள்ள தூரத்தையே பெரிதாக மதிக்கிறேன்.

நவம்பர் 5-ஆம் நாள் பக்கிங்காம் அரண்மனையில் மாநாட்டுப் பிரதிநிதிகளுக்கு விருந்து. முழங்கால் தெரிய வரும் ஒருவரை வரவேற்பதா என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முதலில் தயங்கினார் என்று அந்நாளைய இந்திய மந்திரி சாமுவேல் ஹோர் பிற்காலத்தில் எழுதினார். அவ்வாண்டு பிப்ரவரியிலேயே சர்ச்சில் இவ்வாடையை இகழ்ந்து பேசியிருந்தார். ஆயினும் அழைப்பு வந்தது. மன்னர் முழு உடுப்பில். விருந்தினர் அரையாடை, போர்வை, செருப்பு இவற்றோடு. இருவரும் உரையாடினர். விதி வளைந்தது.

ராஜபுதானா கப்பல் 1941 ஏப்ரலில் ஜெர்மானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. மேலமாசி வீதி வீடு நினைவிடமாக நிற்கிறது. கீழே கதர்க் கடை நடந்துவருகிறது. தமுக்கத்தின் அருகே, இராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், 1948 ஜனவரி 30-ஆம் நாள் அவர் உடுத்தியிருந்த குருதி தோய்ந்த துணியைக் காணலாம். மதுரை செல்லும் மாணவர்கள் இவ்விரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். மாசி வீதியை முதலில் பார்ப்பது நல்லது.