விண்வெளித் தொழில்நுட்பம்: அன்றாட, மருத்துவப் பயன்கள்

விண்வெளி ஆய்வுக்காக உருவான நுட்பங்கள் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் வந்து சேர்வது விண்வெளித் துறையின் துணைப்பயன் எனப்படும். அமெரிக்காவின் நாசா இவற்றைத் தொகுத்து 1976 முதல் ‘ஸ்பின்ஆஃப்’ என்னும் வெளியீட்டைக் கொண்டுவருகிறது. ஆனால் பொதுப்பேச்சில் விண்வெளியின் கொடையாகச் சொல்லப்படும் பொருள்கள் சில அதற்கு உரியவையே அல்ல. வாணலியில் உணவு ஒட்டாமல் காக்கும் டெஃப்லானை டூபான்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட் 1938இல் கண்டறிந்தார். வெல்குரோ ஒட்டுப்பட்டையை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் தெ மெஸ்ட்ரால். நாசா தோன்றியதோ 1958இல்தான். இந்தப் பொய்ப்புகழை ஒதுக்கினால்தான் உண்மையான கடன் கண்ணில் படும். விண்கலத்தில் எடைக்கும் மின்சாரத்துக்கும் கடும் அளவு உண்டு. பழுதானால் பெரும்பாலும் போய்ச் சரிசெய்ய வழியில்லை. அந்த நெருக்கடியில் பொறியாளர்கள் தேடிக்கண்ட தீர்வுகளே பின்னர் மற்றவர்களுக்கும் உதவின.

செல்பேசிக் கேமராவுக்குள் இருக்கும் சீமாஸ் படவுணரி இதற்குத் தெளிவான சான்று. அதற்கு முன்பு விண்கலக் கேமராக்களில் இருந்தது, 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த சிசிடி உணரி. அதில் ஒளி பட்டு உண்டாகும் மின்னூட்டம், தீயை அணைக்க வரிசையில் நிற்பவர்கள் குடத்தைக் கைமாற்றுவதுபோல, ஒரு படப்புள்ளியிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்து ஓரத்தில் உள்ள பெருக்கியை அடையும். நூற்றுக்கணக்கான முறை கைமாறும்போது ஒவ்வொரு முறையும் துளி சிந்தினாலும் படம் கெடும். விண்வெளிக் கதிர்வீச்சு சிலிக்கானைத் தாக்கத் தாக்க இந்த இழப்பு கூடும். கலிஃபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாசமும் குழுவினரும் 1990களின் தொடக்கத்தில் ஒவ்வொரு படப்புள்ளிக்குள்ளும் ஒரு பெருக்கியை அமைத்து, மின்னூட்டம் இப்படி வரிசையாகக் கைமாறத் தேவையில்லாத சீமாஸ் உணரியை உருவாக்கினர். கணினிச் சில்லுகள் செய்யும் முறையிலேயே இதைச் செய்ய முடிந்ததால், கேமராவின் சுற்றுகள் ஒரே சில்லில் அடங்கின. மின்செலவும் வெகுவாகக் குறைந்தது. பல் மருத்துவர் வாய்க்குள் வைக்கும் எக்ஸ்கதிர் உணரிக்கு இந்நுட்பம் சென்றது. 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற விழுங்கும் கேமராவிலும் சீமாஸ் உணரியே இருந்தது. 26 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த மாத்திரை, விநாடிக்கு 2 படம் எடுத்து வானொலி அலைவழியே உடலுக்கு வெளியே அனுப்பியது. வழக்கமான உள்நோக்கிக் குழாய் எட்டாத சிறுகுடல் பகுதிகளில் இரத்தக்கசிவின் இடத்தைக் கண்டறிய அது வழி செய்தது.

இங்கும் முழுப்புகழையும் விண்வெளித் துறைக்கே எழுதிவைப்பது நேர்மையாகாது. படப்புள்ளிக்குள் பெருக்கி வைக்கும் எண்ணம் 1960களிலேயே இருந்தது. இன்றைய உணரிகளின் படத்தரத்துக்கு அடிப்படையான ஒளிடையோடு ஒன்றை ஜப்பானின் நொபுகாசு தெரானிஷி 1980இல் உருவாக்கினார். 2017ஆம் ஆண்டின் எலிசபெத் அரசி பொறியியல் பரிசு ஃபாசம், தெரானிஷி ஆகிய இருவர் உட்பட நால்வருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது பொருத்தமே. சிதறிக் கிடந்தவற்றை ஒன்றுசேர்க்கும் அவசரத்தை விண்கலம் தந்தது என்பதே சரியான கணக்கு.

விண்வெளிக்குச் செலவிடும் பணத்தை நேரடியாக மருத்துவத்துக்குக் கொடுத்தால் இன்னும் அதிகம் கிடைக்காதா என்ற கேள்வி வலுவானது. துணைப்பயன்களை மட்டும் காட்டி விண்வெளிச் செலவை நியாயப்படுத்த முடியாது. அது அறிவுத்தேடலுக்கான செலவு. ஆயினும் நேர்வழியில் எல்லாத் தீர்வும் கிடைத்துவிடும் என்பதும் சரியல்ல. ஹூஸ்டன் நாசா மையப் பொறியாளர் டேவிட் சாசியருக்கு 1984இல் இதய அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி மாற்று இதயம் பொருத்தினார். அதன்பின் இருவரும் சேர்ந்து, இதயத்துக்குத் துணைநிற்கும் சிறு இரத்தப் பம்பு ஒன்றை உருவாக்குவதில் ஈடுபட்டனர். விரைந்து சுழலும் பம்பு இரத்த அணுக்களைச் சிதைத்தது; ஓட்டம் தேங்கிய இடங்களில் இரத்தம் உறைந்தது. விண்வெளி ஓடத்தின் எரிபொருள் பம்புகளில் திரவ ஓட்டத்தைக் கணிக்க எழுதப்பட்ட கணினி முறைகளைக் கொண்டு நாசாவின் ஏம்ஸ் மையத்தினர் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்து, சுழலியின் வடிவத்தை மாற்றினர். அந்தப் பம்பு 1998இல் ஐரோப்பாவில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. மருத்துவ நிதி எவ்வளவு ஒதுக்கியிருந்தாலும், ராக்கெட் எஞ்சினுக்கான அந்தக் கணிப்புமுறையை இதய மருத்துவர் எவரும் எழுதச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார்.