எது ஸ்கின் கலர்?

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற குழந்தை இருந்தால், அதன் கிரயான் டப்பாவைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். வெளிர் ஆரஞ்சும் ரோஸும் கலந்த மாதிரி ஒரு குச்சி இருக்கும். 'இது என்ன கலர்?' என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் வரும்... 'ஸ்கின் கலர்!'

யாருடைய ஸ்கின்? கேட்கிற உங்களுடையது இல்லை. பதில் சொல்கிற குழந்தையுடையதும் இல்லை. ஆனாலும் அம்மாவை வரையச் சொன்னால் கை அந்தக் குச்சிக்குத்தான் போகும். கறுப்பு? அது காக்காவுக்கு, ராத்திரிக்கு, ராட்சசனுக்கு.

சின்ன விஷயம்தானே என்கிறீர்களா? இதற்குப் பின்னால் கோட்டைச் சுவர் அளவுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அந்தச் சுவரைப் பார்க்க நம்ம வட சென்னைக்குப் போனாலே போதும்.

மூலக்கொத்தளம் என்றதும் பலருக்கு நினைவு வருவது, 1939-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உயிர்விட்ட நடராசன், தாளமுத்து நினைவிடம். அந்தப் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மூலைக் கொத்தளம்! கொத்தளம் என்றால் மதில் சுவரில் பீரங்கி வைக்கப் புடைத்துக் கட்டும் மேடை. எந்த மதிலின் மூலை? 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை உள்ளே புகுந்து சூறையாடியதே, அந்த நகரத்தைச் சுற்றி ஆங்கிலேயர்கள் பிறகு எழுப்பிய மதில். வால்டாக்ஸ் ரோடு என்ற பெயரில் இன்றைக்கும் அந்த 'வால்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதிலின் ஒரு துண்டை ராயபுரம் பக்கம் மாடிப் பூங்காவில் பார்க்கலாம்.

மதிலுக்குள்ளே இருந்த ஊருக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர், கறுப்பர் நகரம். கோட்டைக்குள்ளே அவர்கள் குடியிருந்த பகுதி, வெள்ளையர் நகரம். எத்தனை பெரிய வியாபாரியாக இருந்தாலும், எத்தனை பாஷை பேசினாலும் மேப்பில் தோலின் நிறம்தான் விலாசம். இருபதாம் நூற்றாண்டில் ஐந்தாம் ஜார்ஜ் பெயரால் அது ஜார்ஜ் டவுன் ஆனது. பெயர் போச்சு, மதிலும் போச்சு. ஆனால் நிறம் பார்க்கிற புத்தி? அது குழந்தைகள் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நாம் சின்ன வயதில் புரட்டிய படக்கதைகளை நினைத்துப் பாருங்கள். ராஜா கோதுமை நிறம். ராணி அதைவிட ஒரு படி வெளுப்பு. கறுப்பாக யார் வந்தாலும் அவர் பெரும்பாலும் அரக்கன், திருடன், அல்லது சாமரம் வீசுகிற வேலையாள். வண்டி இழுக்கிறவர் வீட்டுப் பையன் கதாநாயகனாக வந்து, படத்திலும் அவனாகவே இருந்ததை எத்தனை முறை பார்த்திருப்போம்?

இதே கேள்வி அமெரிக்காவில் ஒருவரைத் தூங்கவிடாமல் செய்தது. எஸ்ரா ஜாக் கீட்ஸ். 1916-ல் நியூயார்க்கின் புரூக்ளினில், போலந்திலிருந்து பிழைக்க வந்த ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். உண்மையான பெயர் காட்ஸ். யூதர் என்று தெரிந்தாலே ஒதுக்குகிற காலம். பெயரையே மாற்றிக்கொண்டார். ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1940-ல் 'லைஃப்' பத்திரிகையில் ஒரு கறுப்பினச் சிறுவனின் சில போட்டோக்கள் வந்தன. டாக்டரின் ஊசிக்கு முன்னால் அந்தப் பொடியனின் முகம் மாறுகிற அழகைப் பார்த்த கீட்ஸ், படங்களைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை... இருபது வருஷத்துக்கு மேல்! அவர் படம் வரைந்து கொடுத்த பிறருடைய கதைகளில் இப்படி ஒரு பையன் கதாநாயகனாக வரவே இல்லை. கடைசியில் தானே எழுதினார். 1962-ல் வந்தது 'தி ஸ்னோயி டே'. பனி பெய்த காலையில் பீட்டர் என்ற பையன் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு விளையாடப் போகிறான். அவ்வளவுதான் கதை. அவன் கறுப்பன் என்று புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. படத்தில் இருக்கிறான், சும்மா ஒரு குழந்தையாக! அடுத்த வருஷமே அமெரிக்காவின் பெரிய படப்புத்தக விருதான கால்டிகாட் கிடைத்தது.

ஒரு டீச்சர் கீட்ஸுக்குக் கடிதம் எழுதினார். அவர் வகுப்பில் இருந்த கறுப்பினக் குழந்தைகள் அதுவரை ரோஸ் கிரயானால்தான் தங்களை வரைந்துகொண்டிருந்தார்களாம். பீட்டரைப் பார்த்த பிறகு முதன்முறையாக பிரவுன் கிரயானை எடுத்தார்களாம். அதே 1962-ல்தான் கிரயோலா கம்பெனி, 'ஃப்ளெஷ்', அதாவது சதை நிறம் என்று விற்றுவந்த கிரயானுக்கு 'பீச்' என்று பழத்தின் பெயரை வைத்தது. அமெரிக்காவில் ஒழிந்த அந்தப் பெயர் நம்ம ஊர் டப்பாவில் இன்னும் உயிரோடு இருக்கிறது!

ஒரு புத்தகம் வந்ததும் எல்லாம் மாறிவிட்டதா? இல்லை. 1965-ல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர், முந்தைய மூன்று வருஷங்களில் அமெரிக்காவில் வந்த 5,206 குழந்தைகள் புத்தகங்களைக் கணக்கெடுத்தார். ஒரு கறுப்பினத்தவராவது தலைகாட்டிய புத்தகங்கள் வெறும் 6.7 சதவிகிதம். அவர் கீட்ஸையும் விடவில்லை. பீட்டரின் அம்மாவை, வெள்ளையர் வீட்டு ஆயாக்களை வரைகிற பழைய பாணியில் வரைந்துவிட்டார் என்றார். நல்ல மனசோடு வரைந்தாலும் அது இன்னொருவர் பார்வை. அப்படியானால் அந்த மக்களே தூரிகையை எடுத்தால் எப்படியிருக்கும்?

பதில் நம்ம நாட்டிலேயே இருக்கிறது. பெயர் துர்காபாய் வியாம்.

மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டத்தில் பர்பஸ்பூர் என்ற கிராமம். கோண்டு பழங்குடிக் குடும்பம். துர்காபாய் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆறு வயதில் பாட்டியிடம் கற்றுக்கொண்டது 'டிக்னா'. நம் வாசல் கோலம் மாதிரி, கல்யாணத்துக்கும் அறுவடைக்கும் வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடுகிற சித்திரம். கல்யாணமாகி போபால் வந்தார். அங்கே கோண்டு ஓவியத்தை உலகத்துக்கு எடுத்துப்போன ஜங்கர் சிங் ஷ்யாம், கணவர் சுபாஷின் அக்கா தங்கை வழி உறவு. அவர் கொடுத்த ஊக்கத்தில் சுவரில் இருந்த சித்திரம் காகிதத்துக்கு வந்தது.

காகிதத்திலிருந்து புத்தகத்துக்கு வந்ததில் சென்னைக்கும் பங்கு உண்டு. இங்குள்ள தாரா பதிப்பகம் 2006-ல் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' புத்தகத்தில் பஜ்ஜு ஷ்யாம், ராம் சிங் உர்வேதி இருவரோடு துர்காபாயின் மரங்களும் இருக்கின்றன. கறுப்புக் காகிதத்தில் கையாலேயே அச்சிட்டு, கையாலேயே தைத்த புத்தகம். 2008-ல் இத்தாலியின் போலோனியா குழந்தைகள் புத்தகக் கண்காட்சியில் பரிசு வாங்கியது. கறுப்பு அங்கே ராட்சசனின் நிறம் இல்லை. மரங்கள் ஒளிர்வதே அந்தக் கறுப்பில்தான்!

ஆனால் அவர் செய்த பெரிய காரியம் அடுத்து வந்தது. 2006-ல் இட ஒதுக்கீட்டை எதிர்த்து டெல்லியில் மருத்துவ மாணவர்கள் எப்படிப் போராடினார்கள், ஞாபகம் இருக்கிறதா? தெருவைப் பெருக்கினார்கள், ஷூவுக்கு பாலிஷ் போட்டார்கள். 'எங்களை இந்த கதிக்கு ஆளாக்குகிறீர்களே' என்று அர்த்தம். தினம் தினம் அதையே செய்கிறவர் வீட்டுக் குழந்தை டி.வி-யில் அதைப் பார்த்து என்ன நினைத்திருக்கும்?

அடுத்த வருஷமே, 2007-ல், குழந்தைகளுக்காக காஞ்சா அய்லய்யா எழுதிய 'டர்னிங் த பாட், டில்லிங் த லேண்ட்' வந்தது. படங்கள் துர்காபாய். மாடு மேய்ப்பவர், தோல் பதனிடுபவர், குயவர், உழவர், நெசவாளர், சலவைத் தொழிலாளி, நாவிதர்... இவர்கள்தான் கதாநாயகர்கள். இவர்கள் செய்வது இழிவான வேலை இல்லை, விஞ்ஞானம் என்று சொல்கிற புத்தகம். மூலக்கொத்தளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது வண்ணாரப்பேட்டை. கம்பெனியின் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த இடம். அந்தக் குழந்தைகளின் தாத்தா பாட்டிக்கு இப்படி ஒரு புத்தகத்தில் இடம் கிடைக்க எத்தனை தலைமுறை ஆயிற்று பாருங்கள்!

2011-ல் 'பீமாயணா'. அம்பேத்கரின் வாழ்க்கை, நவயானா வெளியீடு. பள்ளிக்கூடத்தில் குழாயைத் தொடக்கூடாது, பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர் என்ற கொடுமையிலிருந்து தொடங்கும் கதை. காமிக்ஸ் என்றால் கட்டம் கட்டமாகத்தானே வரைவார்கள்? துர்காபாயும் சுபாஷும் முடியாது என்றுவிட்டார்கள். எங்கள் மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம், மூச்சு முட்டும் என்பது அவர்கள் கட்சி. பக்கங்களை டிக்னா கோடுகளால் பிரித்தார்கள். அன்பாகப் பேசுபவரின் வசனம் பறவை வடிவத்தில் வரும். சாதி சொல்லிக் கொட்டுகிற வசனத்துக்கு தேள் கொடுக்கு! எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கும் எந்தச் சொல் கொட்டும் என்று பார்த்தவுடனே புரிந்துவிடும்.

கீட்ஸ் தன் படத்தில் ஒரு கறுப்புக் குழந்தைக்கு இடம் கொடுத்தார். அதற்கே அமெரிக்கா அவ்வளவு காலம் காத்திருந்தது. துர்காபாய் யாரிடமும் இடம் கேட்கவில்லை. பாட்டி கொடுத்த கோட்டை எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்தின் அமைப்பையே மாற்றிவிட்டார். 2022-ல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அடுத்த தடவை புத்தகக் கண்காட்சிக்குப் போய்க் குழந்தைக்குப் புத்தகம் வாங்கும்போது, விலையையும் எழுதியவர் பெயரையும் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். உள்ளே யார் முகம் இருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள். படம் வரைந்தவர் பெயர் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். அதையும் குழந்தைக்குப் படித்துக் காட்டுங்கள்.