ஊரைவிட்டுக் கிளம்பிய 560 கட்டுகள்

ஷோர்ஹாம் அணு உலையில் இருந்த 560 எரிபொருள் கட்டுகளும் சரியாக எரியவே இல்லை. 1985-இல் சோதனைக்காக உலையை மூட்டியபோதும் 5 விழுக்காடு திறனைத் தாண்டவில்லை. ஓடியதையெல்லாம் கூட்டினால் முழுத் திறனில் இரண்டு நாள் கணக்குதான். ஆனாலும் அடுப்பேறிய பானை புதுப்பானை ஆகாது. யுரேனியம் பிளக்கத் தொடங்கிவிட்டதால், அந்தக் கட்டுகளை இனி கனத்த உலோகப் பேழைக்குள் அடைத்துத்தான் நகர்த்த முடியும்.

உலையை நிறுத்தியது பொறியாளர்கள் அல்ல, ஊர்தான். ஷோர்ஹாம் இருப்பது நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், சஃபோக் கவுண்டியில். தீவின் மேற்கு முனையில் நியூயார்க் நகரம். தரைவழியாக வெளியேற அதைக் கடந்தே ஆக வேண்டும். விபத்து நடந்தால் அங்குள்ள மக்களை வெளியேற்ற வழியில்லை என்று 1983 பிப்ரவரியில் கவுண்டி சட்டமன்றம் தீர்மானித்தது. ஆளுநர் மரியோ குவோமோவும் அதற்குத் துணை நின்றார். ஏறக்குறைய 600 கோடி டாலர் விழுங்கிய உலை, வணிக மின்சாரம் ஒரு யூனிட் கூடத் தராமல், மாநில அரசின் அமைப்பு ஒன்றுக்கு ஒரு டாலருக்கு விலைபோனது.

மூடிய உலையின் எரிபொருளும் வெளியேற வேண்டும். மனிதர்களுக்கு இல்லாத வழி அதற்கு மட்டும் எங்கிருந்து வரும்? அதே தீவிலுள்ள புரூக்ஹேவன் ஆய்வுக்கூடம் முன்பு தன் எரிந்த எரிபொருளை லாரியில் நகரத்தின் வழியே அனுப்பிவந்தது. 1976-இல் நகரச் சுகாதார வாரியம் அதைத் தடை செய்தது. மத்தியப் போக்குவரத்துத் துறையின் விதி வந்து, 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதன் பக்கம் நின்ற பிறகே அந்தத் தடை வலுவிழந்தது. சட்டம் திறந்துவிட்டாலும், அந்தச் சாலையில் இறங்க யாருக்குத்தான் துணிச்சல் வரும்!

ஷோர்ஹாம் கட்டுகள் கடல்வழியில் இறங்கின. அதே வகை உலை பென்சில்வேனியாவின் லிமெரிக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் உரிமையாளரான பிலடெல்பியா எலெக்ட்ரிக் நிறுவனம் கட்டுகளை ஏற்றுக்கொள்ள முன்வந்தது. விலை கொடுத்து அல்ல, சுமார் 4.5 கோடி டாலர் வாங்கிக்கொண்டு. உலையின் விலையையும் இந்தக் கூலியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

1993 செப்டம்பரில் முதல் பார்ஜ், அதாவது தட்டையான சரக்குப் படகு, கிளம்பியது. அட்லாண்டிக்கில் நியூ ஜெர்சி கரையோரமாகப் போய், டெலாவேர் ஆற்றில் ஏறி, எடிஸ்டோனில் இறங்கி, ரயிலில் லிமெரிக். இப்படி 33 நடை. முதல் நடையிலேயே நியூ ஜெர்சி விழித்துக்கொண்டது. எங்கள் கரையோரமாகப் போவதை எங்களிடம் கேட்க வேண்டாமா என்று அக்டோபரில் வழக்குப் போட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் நீதிமன்றம் நிறுத்தவில்லை. வழக்கு நடக்க நடக்கவே பார்ஜுகளும் போய்க்கொண்டிருந்தன.

1994 ஜூனில் கடைசி நடை முடிந்தது. ஷோர்ஹாமில் எரியாத யுரேனியம் லிமெரிக்கில் எரிந்தது. ஷோர்ஹாமின் கான்கிரீட் கட்டடம் கடலோரத்தில் வெறுமனே நிற்கிறது.