கோர்ட் மார்ஷல்

‘மார்ஷல்’ என்பதன் வேர் பழைய ஜெர்மானிய மொழியில் இருக்கிறது. ‘மாரா’ என்றால் குதிரை, ‘ஸ்கால்க்’ என்றால் பணியாள். லாயத்தைப் பார்த்துக்கொண்டவனின் பெயர் அரசவைப் பதவியாக வளர்ந்தது. இங்கிலாந்தில் படைக் குற்றங்களை விசாரித்த மன்றத்தில் மார்ஷலும் அமர்ந்தார். ‘கோர்ட் மார்ஷல்’ அவ்வழியே வந்தது என்று தோன்றலாம்; ஆனால் அதிலுள்ள ‘மார்ஷல்’ (martial) வேறு சொல், ரோமானியப் போர்க்கடவுள் மார்ஸின் பெயரிலிருந்து வந்தது.

நம் நாளிதழ்கள் கோர்ட் மார்ஷலை ‘ராணுவ நீதிமன்றம்’ என்று எழுதுகின்றன. ஆனால் இதற்கு நிரந்தரக் கட்டடமோ நிரந்தர நீதிபதியோ கிடையாது. வழக்குக்கு வழக்கு புதிதாகக் கூட்டப்படும் அதிகாரிகள் குழு இது. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் நான்கு வகைகளைச் சொல்கிறது. பொது கோர்ட் மார்ஷலில் குறைந்தது ஐந்து அதிகாரிகள் அமர வேண்டும். சட்ட ஆலோசனைக்கு ஜட்ஜ் அட்வகேட் ஒருவரும் இருப்பார். தீர்ப்பை மேலதிகாரி உறுதிசெய்த பிறகே அது செல்லும்.

சுருக்க கோர்ட் மார்ஷல்தான் மனத்தை உறுத்துவது. சிப்பாயின் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே அங்கு மன்றம். உடன் இருவர் இருப்பார்கள். தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேற்பட்டவரோ ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். அதிகாரிகளையும் ஜே.சி.ஓ. எனும் இளநிலை ஆணைபெற்ற அதிகாரிகளையும் இதில் விசாரிக்க முடியாது, அவர்களுக்குக் கீழுள்ளவர்களை மட்டும் முடியும். இந்த ஏற்றத்தாழ்வை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தில் இப்போது மேல்முறையீடு செய்யலாம்; அதன் அமர்வு ஒன்று சென்னையில் இருக்கிறது.