சோப்புச் சிற்பமும் ஆமையும்

1968-69 கல்வியாண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லெக்சிங்டன் நகரில், மஸ்ஸி நடுநிலைப்பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு 'லோகோ' என்னும் கணினிமொழி கற்பிக்கப்பட்டது. அம்மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவரான கணிதவியலாளர் சேமூர் பேப்பர்ட், அப்பள்ளியின் ஓவிய வகுப்பையும் எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் வாரக்கணக்கில் சோப்புக்கட்டிகளில் சிற்பம் செதுக்கிக்கொண்டிருந்தனர். யோசிக்கவும், பிழை செய்யவும், கைவிட்டு மீண்டும் தொடங்கவும் அங்கே நேரமிருந்தது. கணித வகுப்பில் அது இல்லை. அந்த ஏக்கம் அவரை விடவேயில்லை.

அதையடுத்து லோகோவுக்கு வந்து சேர்ந்ததுதான் கோடிழுக்கும் 'ஆமை'. 100 அடி முன்னே, 90 பாகை வலப்புறம் என்று நான்குமுறை சொன்னால் சதுரம். ஓரடி, ஒரு பாகை, 360 முறை என்றால் வட்டம். குழம்பிய பிள்ளை எழுந்து, தானே ஆமையாகி நடந்து பார்க்கலாம். கணிதமும் ஓவியமும் அந்த நடையில் ஒன்றாயின.

இன்று சுட்டியை ஒருமுறை அழுத்தி இழுத்தால் வட்டம் வந்துவிடுகிறது. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை ஒப்பிக்கவைத்து, அதையே கணினி ஓவியப் பாடம் என்கிறோம். பிள்ளைகளின் கையில் வட்டத்தைக் கொடுத்துவிட்டு, வட்டத்தை நோக்கிய நடையை நாம் பறித்துக்கொண்டோமோ?